மூசைக்குள் நடந்தது

தேனிரும்பைச் சுமார் அரைக் கிலோ எடைக்குத் துண்டுகளாக வெட்டி, கருக்கிய உமி கலந்த களிமண் மூசைக்குள் போடுவார்கள். கூடவே காய்ந்த ஆவாரங்குச்சி, மேலே ஓரிரு எருக்கிலை. வாயைக் களிமண்ணால் அடைத்து, இப்படி இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை உலைக்குள் வளைவாக அடுக்கி, கரியைக் கொட்டித் துருத்தியால் இரண்டரை மணி நேரம்போல ஊதினால் உருக்கு தயார். சேலம் பக்கத்துக் கொல்லர்களின் இந்தக் கைப்பாகத்தை 1839-இல் எழுதி வைத்தவர், பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிய ஜோசையா மார்ஷல் ஹீத்.

தொழில் அவரைவிட மிகப் பழையது. நொய்யல் கரைக் கொடுமணலிலும் தென்னாற்காட்டு மேல்சிறுவளூரிலும் மூசைச் சில்லுகள் அகப்பட்டிருக்கின்றன.

குச்சியும் இலையும் கரியாகி, அந்தக் கார்பன் இரும்பில் ஏறுகிறது. ஏற ஏற இரும்பின் உருகுநிலை தாழ்கிறது. நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் அது முழுக்க உருகிவிடும். ஆனால் மெல்ல ஆறிய கட்டியில் படிக மணிகள் பெருத்துக் கிடக்கும், அவற்றைச் சுற்றி இரும்புக் கார்பைடு வலைபோல் படிந்திருக்கும். இந்த நிலையில் அது கண்ணாடிபோல் நொறுங்கும். கொல்லன் அதைச் செஞ்சூட்டில் காய்ச்சி, அளவாக அடித்து, மீண்டும் காய்ச்சி அடிக்க, வலை அறுந்து பொடியாகும், மணிகள் நுணுகும். இந்த உருக்கால் செய்த வாளின் மேல் தெரியும் நீரலை வரி அந்தப் பொடிகள் வரிசைகட்டி நிற்பதுதான். அடிப்பதைவிட அடிக்காமல் பொறுப்பதுதான் இங்கே கடினமான வித்தை என்று சொல்லத் தோன்றுகிறது. வெண்சூட்டுக்குப் பழகிய ஐரோப்பியக் கொல்லர் கையில் கட்டி சிதறியது.

பம்பாயிலிருந்து ஹெலனஸ் ஸ்காட் அனுப்பிய கட்டிகளைப் பற்றி 1795-இல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசித்தார். கொல்லர் மகனான மைக்கேல் ஃபாரடே 1819-இல் ஆராய்ந்துவிட்டு, இந்த உருக்கின் தனித்தன்மைக்கு அலுமினாவும் சிலிக்காவும்தான் காரணம் என்றார். சறுக்கியது ஃபாரடேயேதான். கார்பன்தான் காரணம் என்று கண்டுகொண்டவர் பாரிஸ் நாணயச் சாலையின் பிரேயன்.

எகிப்தின் கற்களில் சித்திர எழுத்து செதுக்கியதே இந்திய உருக்கால்தான் என்று ஹீத் அடித்துச் சொன்னார். அது அவர் ஆசை. 1839-இலேயே, உருக்கில் மாங்கனீசு கார்பைடு சேர்க்கக் காப்புரிமையும் வாங்கினார். ஷெஃபீல்டு ஆலைக்காரர்கள் சளைக்கவில்லை. மாங்கனீசு ஆக்சைடையும் கரியையும் தனித்தனியாக மூசைக்குள் போட்டார்கள். கார்பைடு உள்ளேயே உருவானது. உரிமைத்தொகை தரவில்லை. வழக்காடியே ஹீத் கடனாளியானார்.