செவ்வாயில் மயங்கிய கணினி

கணினியின் இயக்க மென்பொருளைப் புதுப்பிக்கும்போது புதியதை ஏற்றுவதோடு பணி முடிந்துவிடுவதில்லை. பழையதன் எச்சங்களை அகற்றுவதும் அப்பணியின் ஒரு பகுதியே ஆகும். முன்னதை முடித்துப் பின்னதை நிலுவையில் வைத்தால் என்ன நேரும் என்பதை 2004ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் செவ்வாய்க் கோளில் நிகழ்ந்த ஒரு சம்பவம் உலகிற்குக் காட்டியது.

அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசா, 'ஸ்பிரிட்' என்னும் ஆய்வூர்தியை 2003 ஜூன் 10ஆம் நாள் விண்ணில் ஏவியது. அது 2004 ஜனவரி 4ஆம் நாள் செவ்வாயின் குசேவ் பள்ளத்தில் இறங்கியது. ஆறு சக்கரங்கள் கொண்ட அவ்வூர்தியின் மூளையாக விளங்கியது ஒரு சிறிய கணினி. அதன் வேலை நினைவகம் 128 மெகாபைட். மின்சாரம் நின்றாலும் அழியாத பிளாஷ் நினைவகம் 256 மெகாபைட். 'விஎக்ஸ்வொர்க்ஸ்' என்னும் இயக்க முறைமையின்மீது அதன் மென்பொருள் அமைந்திருந்தது. விண்வெளிப் பயணத்தின் இடையிலேயே அம்மென்பொருளுக்குப் புதிய பதிப்பு அனுப்பி ஏற்றப்பட்டது. ஆயினும் பழைய பதிப்பிற்குரிய கோப்புகளும், பயணத்தின்போது சேர்ந்த கோப்புகளும் பிளாஷ் நினைவகத்தில் அப்படியே தங்கிவிட்டன.

அவற்றை நீக்குதற்கான கருவி நிரல் தரையிறங்கிய பின்னர் இரு பகுதிகளாக அனுப்பப்பட்டது. ஒரு பகுதியே சென்று சேர்ந்தது. எஞ்சியதை ஊர்தியின் பத்தொன்பதாம் செவ்வாய் நாளன்று மீண்டும் அனுப்பத் திட்டமிட்டிருந்தனர். பதினெட்டாம் நாளிலேயே, அதாவது ஜனவரி 21ஆம் நாள், ஸ்பிரிட் பேச்சிழந்தது. ஒரே ஒரு நாள் இடைவெளியில் விபத்து முந்திக்கொண்டது.

தொடக்கத்தில் ஐயம் வேறு திசையில் சென்றது. ஆஸ்திரேலியாவின் கன்பரா நகருக்கருகிலுள்ள தொடர்பு நிலையத்தைச் சுற்றி அப்போது இடியும் மழையுமாக இருந்தமையால், வானிலையே தடை என எண்ணினர். மறுநாள் ஊர்தி ஒரு சிறிய ஒலிக்குறிப்பை மட்டும் விடையாக அளித்தது. உயிர் இருக்கிறது, உணர்வு இல்லை! 23ஆம் நாள் சிறிதளவு தகவல் கிட்டியபோது நிலைமையின் கொடுமை விளங்கியது. கணினி தானே நின்று, தானே தொடங்கி, மீண்டும் நின்றவண்ணம் இருந்தது. அறுபது முறைக்கு மேல் அவ்வாறு நிகழ்ந்திருந்தது. இரவில் உறங்க வேண்டிய ஊர்தி விழித்தே கிடந்தது. மின்கலம் வற்றத் தொடங்கியது. முற்றிலும் வற்றுமுன் காரணம் கண்டறியப்படாவிடில் பல்லாண்டு உழைப்பு பாழாகிவிடும் என்ற நிலை எழுந்தது.

கலிபோர்னியாவின் பாசடீனாவிலுள்ள ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடத்தில் பொறியாளர்கள் குறிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டனர். ஒரு கட்டளை செவ்வாயை அடையப் பத்து நிமிடங்களுக்கு மேல் ஆயிற்று. விடை திரும்பவும் அவ்வளவே ஆயிற்று. நோயாளியைத் தொட்டுப் பார்க்க இயலாத மருத்துவரின் நிலை அது. எனினும் பழுது பிளாஷ் நினைவகத்தைச் சார்ந்தது என அவர்கள் ஊகித்தனர். அவ்வூகம் சரியாக இருந்தது.

நிகழ்ந்தது இதுதான். கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும் பிளாஷிலுள்ள கோப்புகளின் பட்டியலை வேலை நினைவகத்தில் படியெடுக்கும். கோப்புகள் பெருகப் பெருகப் பட்டியலுக்கு இடம் போதாமற்போயிற்று. இடம் இன்மையைப் பிழையெனக் கண்ட மென்பொருள், தனக்கிடப்பட்ட விதிப்படி, மறுபடியும் தொடங்கியது. தொடங்கியவுடன் அதே பட்டியல், அதே இடப்பற்றாக்குறை, அதே மறுதொடக்கம். நோய்க்கெனத் தரப்பட்ட மருந்தே நோயை மீண்டும் மீண்டும் வரவழைத்தது. வன்பொருள் எதுவும் உடையவில்லை. புவியில் நடந்த சோதனைகளில் அத்தனை கோப்புகள் சேரும் அளவுக்கு நீண்ட நாட்கள் ஓட்டிப் பார்க்கப்படாமையால் குறை வெளிப்படவும் இல்லை.

ஆனால் வடிவமைத்தோர் ஒரு பின்வாசலையும் விட்டு வைத்திருந்தனர். பிளாஷைத் தொடாமல், வேலை நினைவகத்தை மட்டுமே கொண்டு கணினியைத் தொடங்கச் செய்யும் கட்டளை அது. அதனை ஜனவரி 24ஆம் நாள் அனுப்பினர். ஸ்பிரிட் ஒழுங்காக விழித்தது. அதன் இரட்டையான 'ஆப்பர்சூனிட்டி' செவ்வாயின் மறுபக்கத்தில் தரையிறங்குவதற்குச் சில மணி நேரமே இருந்தது. அதன் பின்னர் நாள்தோறும் அக்கட்டளையைப் பிறப்பித்து, கோப்புகளை ஆராய்ந்து, வேண்டாதவற்றை நீக்கினர். பிப்ரவரி முதல் வாரத்தில் பிளாஷ் முழுவதும் துடைத்துப் புதிதாக ஒழுங்கமைக்கப்பட்டது. ஊர்தி தன் முன்னிருந்த 'அடிரோண்டாக்' பாறையை அரைத்து ஆராயும் பணிக்குத் திரும்பியது.

மென்பொருளைப் புதுப்பிப்பதற்கு இந்நிகழ்ச்சிக்குப் பின் எவரும் அஞ்சிவிடவில்லை. 2004 ஏப்ரலில் இரு ஊர்திகளுக்கும் மீண்டும் புதிய பதிப்பு அனுப்பப்பட்டது. தொண்ணூறு செவ்வாய் நாட்கள் உழைத்தால் போதும் என்று அனுப்பப்பட்ட ஸ்பிரிட், 2010 மார்ச் 22ஆம் நாள் வரை செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. ஏழு கிலோமீட்டருக்கும் மேல் உருண்டு சென்றது.

ஒவ்வோர் அலுவலகத்திலும், ஒவ்வொரு மாணவன் மேசையிலும் கணினி குடியேறியுள்ள காலம் இது. புதுப்பித்தலின் நடுவே திரை இருண்டு, இயந்திரம் முடிவின்றித் தொடங்கிக்கொண்டேயிருக்கும் துன்பம் பலருக்கும் வாய்க்கிறது. அப்போது இயந்திரத்தை உடைந்ததெனத் தள்ளிவிடுதல் அறிவுடைமை ஆகாது. எப்பகுதியைத் தொட்டவுடன் அது வீழ்கிறது என்று காண வேண்டும். அப்பகுதியை விலக்கித் தொடங்க வேண்டும். தொடங்கிய பின் குப்பையை அகற்ற வேண்டும். கோடிக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் பலித்த இம்முறை, கைக்கெட்டும் மேசையிலும் பலிக்கும். புதியதை வரவேற்கும் ஆர்வமும், பழையதை ஒழுங்காக விடைகொடுத்தனுப்பும் பொறுப்பும் சேர்ந்திருக்கும் இடத்தில்தான் முன்னேற்றம் நிலைபெறும்.