1994 அக்டோபர்: ஒரு தீர்ப்பும் ஒரு குக்கியும்

இந்த முறை கொஞ்சம் சரித்திரம். ஆனால் ஆரம்பம் என் வீட்டிலிருந்து.

பிளஸ் டூ கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாள் அப்பாவின் போனுக்கு ஒரு அழைப்பு வந்தது. என் பெயர், பள்ளி, குரூப் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லி, ஒரு தனியார் கல்லூரியில் சீட் இருக்கிறது என்றார்கள். அந்த வாரம் முழுக்க அதேபோல் வெவ்வேறு கல்லூரிகளிலிருந்து அழைப்புகள். அப்பா ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகிறவர். ஷிஃப்டு முடிந்து அணைக்கட்டு வந்து சேரவே இருட்டிவிடும். "உன் பேரும் என் நம்பரும் இவங்களுக்கு யாருடா கொடுத்தது?" என்று கேட்டார். மாதிரி வினாத்தாள் பார்க்க ஒரு தளத்தில் இரண்டையும் நான்தான் நிரப்பியிருந்தேன். கீழே இருந்த நீளமான ஆங்கிலத்தைப் படிக்காமல் 'ஏற்கிறேன்' என்பதையும் அழுத்தியிருந்தேன். அப்பாவுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் போனபோது கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

சிறைக்குள் எழுதிய கதை

இந்திய அரசியல் சட்டத்தில் 'அந்தரங்கம்' என்ற உரிமை நேரடியாக எழுதப்படவில்லை. 1954-இல் எம்.பி. சர்மா வழக்கிலும், 1962-இல் கரக் சிங் வழக்கிலும் அப்படி ஒரு உரிமை இல்லை என்ற பொருளில்தான் உச்ச நீதிமன்றம் பேசியது.

திருப்பம் நம் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் வந்தது. ஆறு கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர், சிறையில் தன் வாழ்க்கைக் கதையை எழுதினார். காவல்துறை, சிறைத்துறை அதிகாரிகளுடன் தனக்கிருந்த தொடர்பும் அதில் இருந்தது. அதை 'நக்கீரன்' தொடராக வெளியிட இருந்தபோது, சிறைத்துறை ஐ.ஜி. ஆட்சேபித்துக் கடிதம் அனுப்பினார். பத்திரிகை உச்ச நீதிமன்றம் போனது. இதுதான் ஆர். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கு.

1994 அக்டோபர் 7 அன்று தீர்ப்பு. வெளியிடும் முன்பே தடுக்க அதிகாரிகளுக்கு உரிமை இல்லை, பொது ஆவணங்களில் உள்ளதை எழுதலாம் என்றது நீதிமன்றம். கூடவே இன்னொன்றையும் சொன்னது. தன்னைத் தன் போக்கில் விட்டுவிடக் கேட்கும் உரிமை, அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவுக்குள்ளேயே இருக்கிறது. குடும்பம், திருமணம், குழந்தை, கல்வி போன்ற விஷயங்களை ஒருவருடைய சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது. பட்டியலில் 'கல்வி' இருப்பதைக் கவனியுங்கள்!

அதே வாரம், அமெரிக்காவில்

சரியாக ஆறு நாள் கழித்து, 1994 அக்டோபர் 13 அன்று, நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் முதல் சோதனைப் பதிப்பை வெளியிட்டது. அதற்குள்தான் குக்கி இருந்தது. உருவாக்கியவர் லூ மான்டுல்லி என்ற இளைஞர்.

குக்கி என்றால் என்ன? இணையத்துக்கு இயல்பாக ஞாபகசக்தி கிடையாது. நீங்கள் ஒவ்வொரு முறை பக்கத்தைத் திறக்கும்போதும் அதற்கு நீங்கள் புது ஆள். கடையில் கூடையில் போட்ட பொருளைக்கூட அடுத்த பக்கத்தில் மறந்துவிடும். இதற்குத் தீர்வு, பஸ் ஸ்டாண்டு சைக்கிள் ஸ்டாண்டில் தரும் டோக்கன் மாதிரிதான். ஒரு எண்ணை எழுதி உங்கள் கணினியில் வைத்துவிடுவார்கள். அடுத்த முறை போகும்போது உலாவி அதைக் காட்டும். அவ்வளவுதான், அதில் தப்பே இல்லை.

சிக்கல் எங்கே? பஸ் ஸ்டாண்டு, சினிமா தியேட்டர், ஆஸ்பத்திரி என்று ஊரில் உள்ள எல்லா ஸ்டாண்டிலும் ஒரே ஆள் டோக்கன் கொடுத்தால் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் எங்கெங்கே போனீர்கள் என்பது அவருக்கு அத்துபடி. விளம்பர நிறுவனங்களின் மூன்றாம் தரப்புக் குக்கி செய்வது இதைத்தான். 1997-இல் வந்த முதல் தொழில்நுட்ப விதிமுறையே இப்படிப்பட்ட குக்கிகளைத் தானாக அனுமதிக்கக் கூடாது என்றது. பெரிய உலாவிகள் கண்டுகொள்ளவில்லை. இன்று சஃபாரி இவற்றைத் தடுத்துவிடுகிறது. நீக்கிவிடுவோம் என்று 2020-இல் அறிவித்த கூகுள், தேதியைத் தள்ளித் தள்ளி, 2024-இல் குரோமிலிருந்து நீக்கப் போவதில்லை என்று பின்வாங்கியது.

சட்டம் வந்த வேகம்

நம் நாட்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இல் வந்தது. 2011-இல் வந்த விதிகள் கடவுச்சொல், வங்கி விவரம், மருத்துவக் குறிப்பு, கைரேகை போன்றவற்றை மட்டுமே நுண்ணிய தகவல் என்றன. பெயரும் போன் நம்பரும் அந்தப் பட்டியலில் இல்லை. அதாவது, எங்கள் வீட்டுக்கு அழைப்பு வரக் காரணமான இரண்டுமே!

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்றார்கள். 1954, 1962 தீர்ப்புகளில் இருந்த மாற்றுக் கருத்து அன்றோடு போனது. அதன் தொடர்ச்சியாக 2023-இல் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 2025 நவம்பரில் விதிகள் வந்தன. நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். ஓர் ஆளை அடையாளம் காட்டும் தகவல் என்றால் பெயர், நம்பர் எல்லாமே இதில் அடங்கும். மீறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். எனக்குப் பிடித்த இன்னொரு பிரிவும் உண்டு: எதற்காகத் தகவல் வாங்குகிறோம் என்ற அறிவிப்பைத் தமிழ் உட்பட எட்டாவது அட்டவணை மொழிகளிலும் படிக்க வழி செய்ய வேண்டும்.

நம் ஊர் சொன்ன பாடம்

கடைசியாக ஒன்று. 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாலாறும் கிணறுகளும் கெட்டுப்போன பிறகுதான் அந்தத் தீர்ப்பு வந்தது. ஆனால் அதில் முக்கியமான ஒரு விதி இருக்கிறது: கெடுதல் இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு தொழில் நடத்துபவருடையது, கிணற்றுத் தண்ணீர் குடிப்பவருடையது அல்ல.

தகவல் விஷயத்தில் இதுவரை நேர்மாறாக நடந்தது. பத்துப் பக்க ஆங்கிலத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும் பொறுப்பு பதினேழு வயதுப் பையன் தலையில். ஒரே ஒரு பொத்தானை அழுத்தியதும் எல்லாம் அவன் சம்மதம். கிணறு கெட்டால் தண்ணீர் நிறத்திலாவது தெரியும். நம்பர் கைமாறினால் போன் அடிக்கும்வரை தெரியாது.

இப்போது அப்படி அழைப்பு வந்தால் அப்பா எடுத்தவுடன் ஒரே கேள்விதான் கேட்கிறார்: "இந்த நம்பர் உங்களுக்கு எப்படிங்க கிடைச்சுது?" இதுவரை ஒருவரும் பதில் சொன்னதில்லை. அந்தப் பதிலைச் சொல்ல வைப்பதற்குத்தான் சட்டம். நாமும் கேட்டுப் பழகுவோம்.