மாட்டாஸ்பத்திரிக்கு வந்த நாய்க்குட்டி

தெருவில் கிடந்த நாய்க்குட்டியை வீட்டுக்கு எடுத்து வந்த நாலாம் நாள் அதற்கு வயிற்றால் போகத் தொடங்கினால், காமயகவுண்டன்பட்டிக்காரர்கள் இன்று அதைத் தூக்கிக்கொண்டு ஓடும் இடம் மாட்டாஸ்பத்திரி. பெயர்ப்பலகையில் ‘கால்நடை மருந்தகம்’ என்றுதான் இருக்கும். காலால் நடப்பவை எல்லாம் கால்நடை என்றால் நாயும் அதில் சேர வேண்டும். ஆனால் பேச்சு வழக்கில் கால்நடை என்பது ஆடும் மாடும்தான். மருத்துவர் எத்தனை நாய்க்கு ஊசி போட்டாலும் ஊருக்கு அவர் ‘மாட்டு டாக்டர்’. நாய் அந்த வாசலுக்கு எவ்வளவு தாமதமாக வந்து சேர்ந்தது என்பதை இந்தப் பெயர்களே சொல்லிவிடுகின்றன.

கே.கே.பட்டி என்று சுருக்கி அழைக்கப்படும் இந்தப் பேரூர், தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், கம்பத்தை அடுத்து இருக்கிறது. சுற்றிலும் வயலும் தோப்பும் திராட்சைப் பந்தலும். கிழக்கே சுருளி மலை. இந்தப் பள்ளத்தாக்கில் மாட்டுக்கு இருக்கும் மரியாதையே வேறு. கம்பத்தில் உள்ள நந்தகோபாலன் தம்பிரான் மாட்டுத்தொழுவில் மாடுதான் தெய்வம். மாட்டுப்பொங்கலன்று அங்கே கூட்டம் நெரியும். நாய்க்கு அப்படி ஒரு தொழு கிடையாது. ஆனாலும் இதே வட்டத்தில் உள்ள கோம்பை என்ற ஊரின் பெயர் ஒரு நாய் இனத்துக்கே பெயராகியிருக்கிறது. செவலை உடம்பும் கருத்த வாயுமாக இருக்கும் கோம்பை நாய் பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் வளர்க்கப்பட்டது. அது வசதி படைத்தவர் வீட்டு நாய். மற்ற வீடுகளின் வாசலில் கிடந்தது பெயரில்லாத நாட்டு நாய். குட்டியை விலைக்கு வாங்கும் வழக்கம் அங்கே இல்லை.

களத்து மேட்டிலோ வைக்கோல் படப்பின் அடியிலோ நாய் குட்டி போட்டிருப்பது தெரிந்தால், கண் திறந்து தத்தித் தத்தி நடக்கும் பருவத்தில் வேண்டியவர்கள் வந்து ஆளுக்கொன்று தூக்கிப் போவார்கள். கையில் மஞ்சப்பை, அதற்குள் குட்டி. முதலில் போவது கடுவன். பொட்டைக் குட்டி பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்; வீட்டில் வைத்துக்கொண்டால் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் குட்டி போடும் என்ற பயம். பஸ் ஸ்டாண்டிலும் குப்பை மேட்டிலும் கொண்டுபோய் விடப்பட்டவை பெரும்பாலும் பொட்டைகளே. பிற்காலத்தில் ‘மீட்கப்பட்ட நாய்க்குட்டி’ என்ற பெயரில் வீடுகளுக்குள் நுழைந்தவற்றிலும் அவையே அதிகம் என்பதற்கு வேர் இந்த வழக்கத்தில் இருக்கிறது.

வந்த குட்டிக்கு முதல் உணவு பால். ஒரு மாதத்தில் தாயை விட்டுப் பிரிந்ததற்குப் பால் கொடுக்காமல் வேறென்ன கொடுப்பது என்பது நியாயமான எண்ணம்தான். ஆனால் பாதித் தொல்லை அங்கேயே தொடங்கிவிடும். நாய்ப்பாலில் லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை 3 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. பசும்பாலில் அது ஏறக்குறைய 5. கொழுப்பும் புரதமும் நாய்ப்பாலில் பசும்பாலைப் போல இரு மடங்கு. ஆகவே ஒரு கிண்ணம் பசும்பால் குட்டிக்கு ஊட்டம் தருவதைவிட, செரிக்காத சர்க்கரையைக் குடலுக்குள் தள்ளுவதே மிகுதி. இதை அளந்து பார்க்காமலே கண்டுகொண்ட பாட்டிமார்கள் இருந்தார்கள். பாலை நிறுத்திவிட்டு, குழையக் குழைய வடித்த சோற்றைக் கரைத்த கஞ்சியும், தண்ணியாகக் கடைந்த மோரும், அடுத்த நாள் தயிர்ச்சோறும் கொடுப்பது வீட்டு வைத்தியம். மோரிலும் தயிரிலும் சர்க்கரையின் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் தின்றுவிடுவதால் அது குட்டிக்கு ஒத்துக்கொண்டது. சோறு என்பதும் எப்போதும் எல்லா வீட்டிலும் இருந்த பொருள் அல்ல. 1895இல் பெரியாறு அணைத் தண்ணீர் பள்ளத்தாக்குக்குள் வந்து நெல் பெருகும் வரை, மானாவாரிக் காட்டை நம்பிய வீடுகளில் கம்பும் சோளமும் கேப்பையும்தான் அன்றாடம். வீடு என்ன குடித்ததோ அந்தக் கூழின் மிச்சமே நாயின் தட்டுக்கும் வந்தது.

இரண்டாவது காரணம் குட்டியின் வயிற்றுக்குள்ளேயே இருந்தது. உருண்டைப்புழு தாயின் கருப்பையிலேயே குட்டிக்குள் போய்விடும்; கொக்கிப்புழு தாய்ப்பாலோடு போகும். அதாவது தெருக்குட்டி எவ்வளவு சுத்தமான வீட்டுக்கு வந்தாலும் பூச்சியோடுதான் வரும். கை கால் குச்சியாகவும் வயிறு மட்டும் பானையாகவும் இருக்கும் குட்டியைப் பார்த்து ‘கொழுகொழுன்னு இருக்கு’ என்று மகிழ்ந்துபோன வீடுகள் ஏராளம். அந்தப் பானை முழுக்கப் புழு. வாந்தியில் நூடுல்ஸ் போல இரண்டு வந்து விழும்போதுதான் விஷயம் புரியும். அதற்கு வீட்டில் கொடுத்தது குழந்தைகளுக்குக் கொடுத்ததே: குப்பைமேனி, வேப்பங்கொழுந்து. நாய்ப் பூச்சிக்கு உலகம் முழுவதும் மருத்துவர்கள் நெடுங்காலம் பயன்படுத்திய சரக்கோ தமிழர் வெற்றிலைத் தட்டிலேயே இருந்தது. பாக்குத் தூளும், அதிலிருந்து பிரித்தெடுத்த அரிகோலின் என்ற பொருளும் 20ஆம் நூற்றாண்டிலும் நாடாப்புழுவுக்கு நாய்களுக்குத் தரப்பட்டன. கடும் பேதியாக்கி அது; சின்னக் குட்டிக்கு உகந்ததல்ல. 1950களில் பைப்பரசின் புழக்கத்துக்கு வந்தபின், உருண்டைப்புழு கண்ட குட்டிக்கு உயிருக்கு ஆபத்தில்லாமல் கொடுக்கக்கூடிய மருந்து கிடைத்தது.

இந்த மருந்துகள் கம்பம் பள்ளத்தாக்கின் நாயை எட்டச் சுற்றுவழியே இருந்தது. சென்னை மாகாண அரசு கால்நடை மருத்துவத்தில் கை வைத்ததே உழவு மாட்டுக்காக. வெக்கை நோய் என்று தமிழர் அழைத்த கொள்ளை நோய் தொழுவம் தொழுவமாகக் காலி செய்துகொண்டிருந்தது. மாடு செத்தால் உழவு இல்லை, உழவு இல்லையென்றால் வரி இல்லை. 1903 அக்டோபரில் டாபின் ஹால் என்ற சிறு கட்டடத்தில் 20 மாணவர்களோடு சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியதும், 1932இல் ராணிப்பேட்டையில் தடுப்பு மருந்து நிலையம் எழுந்ததும் இந்தக் கணக்கில்தான். மருந்தகத்துக்கு வந்த மருத்துவரின் பெட்டியில் வெக்கைக்கும் அடைப்பானுக்கும் மருந்து இருந்தது. குட்டியின் கழிச்சல் அவர் வேலையாக யாருக்கும் தோன்றவில்லை. தூக்கிக்கொண்டு போனால் ஊர் சிரித்திருக்கும்.

அரசின் கண்ணில் நாய் பட்டது வெறிநோயால். 1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம்பெண் வெறிநோயால் இறந்தார். அப்போது இந்தியாவில் சிகிச்சை இருந்தது இமயமலை அடிவாரத்து கசௌலியில் மட்டும். அந்த மரணத்தின் தொடர்ச்சியாக 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறந்தது. பிறகு ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த தடுப்பூசி ஊர் ஊராகப் போனது. ‘தொப்புளைச் சுற்றி 14 ஊசி’ என்பது தமிழ்நாட்டில் மூன்று தலைமுறைக்குப் பயமுறுத்தலாக இருந்தது. இதன் விளைவு நாய்க்குட்டியின் வரலாற்றில் இரு முனையாக வேலை செய்தது. நாய் மருத்துவத் துறையின் பார்வைக்கு வந்தது. ஆனால் நோயாளியாக அல்ல, ஆபத்தாக. குட்டிக்கு வாந்தியும் சோர்வும் கண்டால் ‘வெறியோ’ என்று கயிற்றில் கட்டித் தள்ளி வைப்பதும் இதனோடு வந்த பழக்கம்.

எல்லாவற்றையும் புரட்டிப் போட்ட ஆண்டு 1978. அதுவரை நாய்களில் பார்த்திராத ஒரு பார்வோ வைரஸ் அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியாவில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் குட்டிகளைக் கொன்றது. இரண்டே ஆண்டில் உலகைச் சுற்றிவிட்டது. இந்தியாவில் அதன் முதல் பதிவு 1981இல் சென்னையிலிருந்து, பாலு, தங்கராஜ் இருவரும் வெளியிட்ட மருத்துவக் குறிப்பாக வந்தது. குடல் சுவரைப் புதுப்பிக்கும் செல்களையும் எலும்பு மஜ்ஜையையும் அது தாக்குகிறது. முதல் நாள் குட்டி தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். அடுத்த நாள் வாந்தி. அதற்கடுத்து, ஒரு முறை மோந்தவர் மறக்க முடியாத வாடையோடு இரத்தக் கழிச்சல். சிகிச்சை இல்லையென்றால் பெரும்பாலான குட்டிகள் பிழைப்பதில்லை.

இந்த வைரஸின் நாட்கணக்கு தெரிந்தபோது பழைய நம்பிக்கைகள் இரண்டுக்கு விடை கிடைத்தது. தொற்றியதிலிருந்து நோய் வெளிப்பட 3 முதல் 7 நாள் ஆகும். தெருவில் வாங்கிய கிருமியோடு துள்ளிக்கொண்டு வீட்டுக்குள் வரும் குட்டி, நாலாம் ஐந்தாம் நாளில் சுருண்டு விழும். வீட்டார் கண்ணுக்கு அது புது வீட்டின் சோறாகவோ, பக்கத்து வீட்டுக்காரி ‘என்ன அழகு’ என்று சொன்ன திருஷ்டியாகவோதான் பட்டது. இன்னொன்று, ‘எங்க வீட்ல நாய் தங்காது’ என்ற பேச்சு. ஒரு குட்டி செத்து அடுத்த மாதம் கொண்டுவந்ததும் செத்தால் ராசியைக் குறை சொல்வது இயல்பு. ஆனால் பார்வோ வைரஸ் நிழலான ஈர மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும். மணக்க மணக்கப் பினாயில் ஊற்றிக் கழுவினாலும் சாகாது. பிளீச்சிங் பவுடர் கரைசலுக்குத்தான் அடங்கும். தங்கவிடாதது ராசியல்ல, முதல் குட்டி படுத்துக் கிடந்த சாக்குதான்.

வைரஸைக் கொல்லும் நம்பகமான மருந்து அன்று இல்லை. உடம்பிலிருந்து போகும் நீரை ஈடுகட்டுவதே சிகிச்சை. இதற்கான பாடம் மனிதர்களிடமிருந்து வந்தது. 1971இல் வங்கதேசப் போரின்போது பங்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, திலீப் மஹலானபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே சாவைப் பெரிதும் குறைத்தார். அந்தக் கலவை பொட்டலமாக மருந்துக்கடைகளுக்கு வந்தபின், லேசான வயிற்றோட்டம் கண்ட நாய்க்குட்டிக்கும் ஸ்பூனால் புகட்டப்பட்டது. வாந்தி எடுக்கும் குட்டிக்கு வாய்வழி நிற்காது. அதற்கு ‘குளுக்கோஸ் ஏத்த’ வேண்டும். மாட்டின் கழுத்து நரம்புக்குப் பழகிய கை, குட்டியின் முன்னங்காலில் நூல்போல ஓடும் நரம்பைத் தேட வேண்டியிருந்தது. மாட்டாஸ்பத்திரி நாயாஸ்பத்திரியும் ஆனதன் கைவேலை இது.

தெருக்குட்டியை எடுத்து வளர்ப்பதை ஓர் இயக்கமாக்கியது சென்னை. 1959இல் மழை வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு குட்டிகளை விமானி கேப்டன் வி. சுந்தரம் வீட்டுக்குக் கொண்டுவந்ததிலிருந்து புளூ கிராஸ் பிறந்தது. 1960இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம். 1962இல் ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில் விலங்குகள் நல வாரியம். 2001இல், நாயைக் கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடச் சொல்லும் விதிகள். ஒரு முரண் சொல்லத்தக்கது. காமயகவுண்டன்பட்டி காந்திக்குக் கோயில் கட்டிய ஊர். அந்தக் காந்தி 1926இல், அகமதாபாத் ஆலை ஒன்றில் தெருநாய்கள் கொல்லப்பட்டதை ஆதரித்து எழுதி, அகிம்சைவாதிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆளில்லாத நாய் இருப்பது சமூகத்தின் குற்றம், வேண்டுமென்றால் ஆளுக்கு ஒன்றை எடுத்து வளருங்கள் என்பது அவர் வாதத்தின் சாரம்.

2020இல் தேனி மாவட்டத்துக்கே கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது. இப்போது எடுத்து வரும் குட்டிக்கு வகுத்திருக்கும் முறையில் பாட்டி வைத்தியமும் பாதி சேர்ந்திருக்கிறது: பால் வேண்டாம், தெருவில் தின்றதை ஒட்டியே குழைந்த சோறும் தோல் நீக்கி உப்பில்லாமல் வேகவைத்த கோழியும், சிறிது சிறிதாக நாளைக்கு நாலு வேளை, புது உணவுக்கு ஒரு வாரத்தில் மெல்ல மாற்றம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து. மனிதருக்கான பேதி மாத்திரை கூடாது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் தடுப்பூசியை முறியடிக்கும் என்பதால் ஓர் ஊசி போதாது. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி 16 வாரம் வரை, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று. அதுவரை தெருமண்ணில் இறக்கி விடுவதில்லை. வாந்தியோ இரத்தமோ கண்டாலும், ஒரு வேளை முழுக்கத் தட்டைத் தொடாவிட்டாலும் அன்றே மாட்டாஸ்பத்திரி.