பொருளாதார நெருக்கடியும் மன்னாரின் மாட்டு விலையும்

மாட்டுக்கு இரண்டு விலைகள் உண்டு. பாலுக்கும் இறைச்சிக்கும் எருவுக்குமான விலை ஒன்று. அழகுக்கும் வேகத்துக்கும் பெயருக்குமான விலை மற்றொன்று. மேலைநாடுகளில் கண்காட்சி மாடுகளுக்கெனத் தனிச் சந்தையே இயங்குகின்றது. நமது வடபுலத்தில் அந்த இடத்தை வகிப்பவை சவாரி மாடுகளும், ஹஜ்ஜுப் பெருநாளுக்கெனப் பார்த்துப் பார்த்து வளர்க்கப்படும் காளைகளுமே. நாடு வறுமையுறும்போது முதலில் ஆட்டங்காண்பது இந்த இரண்டாவது விலைதான். அது வாங்குபவரின் மிச்சப் பணத்தில் மட்டுமே நிற்கின்றது.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை இடைநிறுத்துவதாக அறிவித்தது. 200 ரூபா அளவிலிருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாவைத் தொட்டது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாகியது. மன்னாருக்கு விழுந்த அடி வேறொரு திசையிலிருந்தும் வந்தது. பேசாலை, தலைமன்னார், பள்ளிமுனை ஆகிய இடங்களின் சிறு படகுகளுக்கு மண்ணெண்ணெயே உயிர். லீற்றர் 87 ரூபாவாக இருந்த அது 2022 ஓகஸ்டில் 340 ரூபாவாக்கப்பட்டது. கடலில் பணம் வராதபோது கரையில் காளை வாங்குவோர் எங்கிருந்து வருவர்?

அந்த ஆண்டின் ஹஜ்ஜுப் பெருநாள், ஜனாதிபதி மாளிகை மக்கள் வசமான ஜூலை 9ஆம் திகதிக்கு மறுநாள் வந்தது. டீசல் இல்லை, லொறி இல்லை. மாட்டில் எழுவர் பங்கு சேரலாம் என்பது குர்பானின் விதி. முழு மாடு கொடுத்து வந்த ஏழு குடும்பங்கள் பங்குக்கு இறங்கினால் ஏழு மாடுகளின் இடத்தில் ஒன்றே விலைபோகும். இரண்டு வயது பூர்த்தியான, குறைபாடற்ற மாடாக இருத்தல் வேண்டும் என்பதால் நடுத்தர மாட்டுக்குக் கேள்வி முற்றாக அற்றுப்போவதில்லை. கொழுத்த, உயர்ந்த காளையை வளர்த்தவரே காத்திருந்து ஏமாறுகின்றார்.

இதற்கொரு புறநடை உண்டு. வளைகுடாவில் உழைப்பவர் அனுப்பிய ஆயிரம் சவூதி ரியால், முன்னர் ஏறத்தாழ 53,000 ரூபாவாக இருந்து 96,000 ரூபாவளவுக்கு உயர்ந்தது. சவாரி மாடுகளுக்குப் புலம்பெயர்ந்த உறவுகளின் பணமும் அவ்வாறே முட்டுக்கொடுத்தது. ஆகவே நெருக்கடி எல்லா வீடுகளுக்கும் ஒரே முகத்துடன் வரவில்லை. வெளிநாட்டில் ஆளில்லாத வீட்டுக்காரர்தான் தமது நல்ல மாட்டை இறைச்சி விலைக்குக் கொடுத்தார். சவாரிக் காளைக்குப் புண்ணாக்கு வாங்க இயலாதவருக்கும் அதுவே வழி. இறைச்சிக்குப் போன காளைக்குப் பதிலாக இன்னொன்றைக் கன்றிலிருந்து வளர்த்து ஓட்டப் பழக்கப் பல ஆண்டுகள் வேண்டும். விலை மீண்டு வரலாம், ஆனால் இனம் அவ்வளவு விரைவில் மீளாது.

இரசாயன உர இறக்குமதி 2021இல் தடைசெய்யப்பட்டபோது மாட்டெருவின் மதிப்பு உயர்ந்ததும் நாம் கண்ட விசித்திரங்களில் ஒன்று. ஆனால் 2022 டிசெம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிர் வடக்கிலும் கிழக்கிலும் பெருந்தொகை மாடுகளைக் கொன்றது. உடனே இறைச்சி கொண்டுசெல்வதும் தடைசெய்யப்பட்டது. தப்பிய மாட்டையும் விற்க இயலாத நிலை!

மன்னாரின் முஸ்லிம்கள் 1990 ஒக்டோபரில் தமது பட்டிகளை விட்டுவிட்டே வெளியேற்றப்பட்டனர். மீளக் குடியேறிய எருக்கலம்பிட்டியாரும் முசலியாரும் ஒற்றைப் பசுவிலிருந்து தொடங்கியவர்கள். இவர்களுக்கும் நானாட்டான், அடம்பன் பக்கத்துத் தமிழ் வளர்ப்பாளருக்கும் இடையே மாடு என்பது கொடுக்கல் வாங்கலின் பழைய பாலம். தமிழர் பட்டியில் வளர்ந்த காளை முஸ்லிம் வீட்டுப் பெருநாளுக்குப் போகின்றது. அந்தப் பணம் காலபோக விதைநெல்லாகின்றது.

காலபோகத்தில் வயல்கள் மூடப்பட்டதும் பட்டிகளை எங்கே ஓட்டுவது என்ற கேள்விக்கு இன்னும் விடையில்லை. மேய்ச்சல் தரவைகளை எல்லையிட்டு ஒதுக்குங்கள் என்ற கோரிக்கை பழையது. கட்டுக்கரைக் குளத்தின் ஓரங்களிலும் காட்டெல்லைகளிலும் மாடுகள் அலைவது தொடர்கின்றது. 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டத்தின்படியான கொண்டுசெல்லும் அனுமதியைப் பெருநாளுக்கு முன் தாமதமின்றி வழங்கினாலே வளர்ப்பவர் தரகரிடம் அரை விலைக்குக் கொடுப்பது குறையும். அதற்குப் பணம் தேவையில்லை. பிரதேச செயலகங்களும் மிருக வைத்தியர் அலுவலகங்களும் ஒரு மாதம் முன்னதாகக் கூடிப் பேசினால் போதும்.