வைத்தியன் இல்லாத படை

1714 அக்டோபரில் செஞ்சிக்குப் பக்கத்தில் நடந்தது பெரிய யுத்தம் அல்ல. நவாப் சாதத்துல்லாகானுக்குச் சேரவேண்டிய பாக்கி, முறையான அங்கீகாரம் இல்லாமல் கோட்டையில் உட்கார்ந்துவிட்ட ஒரு வாரிசு, இவ்வளவுதான் விவகாரம். வாரிசின் பெயர் தேஜ்சிங். பந்தேல்கண்ட் ராஜபுத்திரன். அவன் தகப்பன் சுவரூப்சிங், மொகலாயர் எட்டு வருஷம் முற்றுகையிட்டு 1698-ல் பிடித்த கோட்டைக்குக் கில்லேதாராக வந்தவன். தகப்பன் செத்தபின் செஞ்சிக்கு வந்த மகன் அங்கே ஓராண்டுகூட நிறைவாக இருக்கவில்லை. இருபத்திரண்டு வயதில் செத்தான் என்பார்கள். நவாபின் பெரும் சைன்யத்துக்கு எதிரே அவனிடம் இருந்தவை சில நூறு குதிரைகள்.

சரித்திர நூல்களில் இது ஒரு பக்கம், மிஞ்சினால் ஓர் அத்தியாயம். ஆனால் தென்னாற்காட்டு ஜனங்களுக்கு இவன் தேசிங்குராஜன். செஞ்சியும் சேத்தியாத்தோப்பும் ஒரே ஜில்லாவாக இருந்த காலம் 1993-ல் முடிந்துவிட்டது. ஆனால் பெரிய எழுத்துப் புத்தகமாகவும் கூத்தாகவும் பாட்டாகவும் இந்தக் கதை பரவிய எல்லைக்கும் ஜில்லா எல்லைக்கும் சம்பந்தமில்லை. நம் மொழி பேசாத, நம் ஊரில் பிறக்காத, சில மாதங்களே ஆண்ட ஒருவனை இந்த மண் ஏன் எடுத்துக்கொண்டது? வீரவழிபாடு என்று சொல்லி நகர்ந்துவிடுவது நம் கல்வித்துறை ஆய்வாளர்களின் சௌகரியம். தோற்றவர்கள் எத்தனையோ பேர். எல்லோருக்கும் கதை இல்லை.

எனக்குப் படுவது, கதையைத் தாங்குவது தேசிங்கு அல்ல, அவனைச் சுற்றியுள்ள சிறு கூட்டம் என்பதுதான். தில்லியில் யாருக்கும் அடங்காமல் நின்று, சிறுபிள்ளையான தேசிங்கிடம் அடங்கிய குதிரை பாராசாரி. கல்யாணப் பந்தலிலிருந்து போருக்கு எழுந்து வரும் முஸ்லிம் தோழன் மோவுத்துக்காரன், அதாவது மகமத்கான். அவனைச் சுமக்கும் நீலவேணி. பிறகு சிங்கவரம் குடைவரையில் பள்ளிகொண்ட ரங்கநாதர். ஐந்து பேர். அவர்களில் இருவர் மிருகம், ஒருவர் கல். ஆளுக்கு ஒரே ஒரு குணம்தான். குதிரைக்குப் பாய்ச்சல், தோழனுக்கு விசுவாசம், ராஜனுக்குப் பிடிவாதம். மனோதத்துவச் சிக்கல் எதுவும் இல்லை. நாவல் படித்துப் பழகியவர்களுக்கு இது வறட்சியாகத் தோன்றலாம்.

இன்றைய பையன்கள் ஆடும் ஜப்பானிய வீடியோ கேம்களிலும் இதே அமைப்பு இருக்கிறது. 1987-ல் வந்த ஃபைனல் ஃபேன்டஸியில் ஆறு வகைத் தொழில்களிலிருந்து நான்கு பேரைத் தேர்ந்து புறப்பட வேண்டும்: வாள்வீரன், திருடன், வெறுங்கையால் அடிப்பவன், மூன்று நிற மந்திரவாதிகள். வெள்ளை மந்திரவாதியின் வேலை காயத்தை ஆற்றுவது. அவனைச் சேர்க்காமல் போகிறவன் பாடு திண்டாட்டம். தேசிங்கின் கூட்டத்தில் அந்த இடத்தில் இருப்பவர் ரங்கநாதர். அவர் காயம் ஆற்றவில்லை. இன்று போகாதே என்கிறார். கேட்காதபோது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கதையின் உக்கிரம் அந்தத் திரும்பலில் இருக்கிறது. அதற்குப் பிறகு விழுகிற ஒவ்வொருவரும் விழுந்தவர்தான்.

போர்முறை விஷயத்துக்கு வருவோம். பாட்டில் சண்டை என்பது பெயர் சொல்லிக்கொள்வது. தெருக்கூத்தில் வேஷம் திரைக்குப் பின்னாலிருந்து தன் குலமும் பலமும் சொல்லிக்கொண்டே வெளிப்படுகிற மாதிரி, வாளும் இன்னார் கை வாள் என்று அறியப்பட வேண்டும். குண்டுக்கு அந்த அவசியம் இல்லை. அதற்குக் குறி போதும், ஆள் வேண்டாம். தேசிங்கு செத்து முப்பத்திரண்டு வருஷத்தில், 1746-ல், அடையாற்றங்கரையில் பாரதி என்ற பிரெஞ்சுத் தளபதி ஆயிரத்துக்கும் குறைந்த காலாட்களை வைத்து, மாபூஸ்கானின் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் கொண்ட நவாப் படையைக் கலைத்துவிட்டான். வரிசையாக நின்று, கட்டளைக்குச் சுட்டவர்கள். அவர்களில் ஒருவன் பெயரும் பாட்டில் இல்லை. மொகலாயருக்கு எட்டு வருஷம் பிடித்த செஞ்சி, 1750-ல் பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒரே இரவில் விழுந்தது.

ஆக, தேசிங்கை வென்ற நவாபின் குதிரைப்படைக்கும் ஒரு தலைமுறை ஆயுள்தான் பாக்கி இருந்தது. நாட்டுப்பாடகனுக்கு இது தெரிந்திருந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவன் செய்திருக்கும் ஒரு மாற்றம் கவனிக்கத்தக்கது. வரலாற்றில் தேஜ்சிங் களத்தில் எதிரிகளால் கொல்லப்பட்டான். பாட்டில், தோழனும் குதிரையும் போனபின், தேசிங்கு தன் வாளை ஆகாயத்தில் எறிந்து மார்பில் தாங்குகிறான். பெயரற்ற எந்த ஆயுதத்துக்கும் அவனைப் பாடகன் விட்டுக்கொடுக்கவில்லை.

1960-ல் வந்த ‘ராஜா தேசிங்கு’ படத்தில் எம்.ஜி.ஆருக்கு இரட்டை வேடம்: தேசிங்கும் அவரே, தாவூத்கானும் அவரே. பாட்டில் ஐந்து பேருக்குப் பங்கிட்டிருந்த கனம் முழுவதையும் ஒரு நட்சத்திரம் வாங்கிக்கொண்டது. சினிமாவுக்குக் கூட்டம் என்றால் கொட்டகைக்கு வெளியே நிற்பதுதான்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ செஞ்சியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மராத்திய ராணுவ நிலப்பரப்புகள் என்ற தலைப்பில் பன்னிரண்டு கோட்டைகள். செஞ்சி ஒன்று நீங்கலாக மற்றவை மகாராஷ்டிரத்தில். சிவாஜி 1677-ல் பிடித்ததும் ராஜாராம் அங்கிருந்து ஆண்டதும் உண்மை, ஆட்சேபணை இல்லை. நீலாம்பூண்டியில் மகமத்கானுக்கும் நீலவேணிக்கும் சமாதி என்று இன்றும் காட்டுகிறார்கள். மனிதனுக்குப் பக்கத்தில் குதிரைக்கும்.