மலையடிவாரத்துப் பிள்ளைகளும் பனிச்சறுக்குப் பள்ளிகளும்: நியூ இங்கிலாந்தில் ஓர் உதவித்தொகையின் வரலாறு

1972 பிப்ரவரியில் ஜப்பானின் சப்போரோ நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து சறுக்கும் பெண்கள் ஸ்லாலம் பந்தயத்தை 0.02 விநாடி வித்தியாசத்தில் வென்றவர் பார்பரா ஆன் காக்ரன். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்தில், வெர்மாண்ட் மாநிலத்தின் ரிச்மண்ட் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். அவருடைய தந்தை மிக்கி காக்ரன் ஒரு பொறியாளர். 1960-களின் தொடக்கத்தில் வீட்டுக்குப் பின்புறச் சரிவில் மோட்டாரில் ஓடும் இழுவைக் கயிறு ஒன்றைப் பொருத்தி, பள்ளி விட்டு வரும் தம் நான்கு பிள்ளைகளுக்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் அங்கேயே பயிற்சி கொடுத்தார். அந்த நால்வருமே பின்னாளில் அமெரிக்க தேசிய அணியில் இடம்பெற்றார்கள். கட்டணம் கட்டிச் சேர்ந்த விளையாட்டுப் பள்ளியோ, வீட்டைவிட்டுப் போய்த் தங்கிய விடுதியோ இந்த வளர்ச்சியில் எங்கும் வரவில்லை.

அந்த வெற்றிக்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, அதே மாநிலத்தின் வடகிழக்கில் பர்க் மவுண்டன் அகாடமி தொடங்கப்பட்டுவிட்டது. பனிச்சறுக்குப் பந்தயத்துக்கென்றே அமெரிக்காவில் உருவான முதல் உறைவிடப் பள்ளி அதுதான். இந்த இரண்டு வழிகளும் சில ஆண்டுகள் அருகருகே இருந்தன. பிறகு இரண்டாவது வழி முதலாவதை ஓரங்கட்டியது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு இத்தகைய பள்ளிகள் தரும் உதவித்தொகையைச் செல்வர்களின் தாராள மனத்துக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். வரலாற்றை வரிசையாகப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. முன்பு திறந்தே இருந்த ஒரு வழி அடைபட்டதால்தான் உதவித்தொகைக்குத் தேவை பிறந்தது. ஆகவே அடைபட்ட வழியை அது எந்த அளவுக்குத் திறந்துவிட்டது என்பதையே அதற்குரிய அளவுகோலாகக் கொள்கிறேன்.

அகாடமிகளின் எழுச்சி

பர்க் அகாடமியை நிறுவிய வாரன் விதரல் அதற்கு முன் நியூ ஹாம்ப்ஷயரின் ஹோல்டர்னெஸ் பள்ளியில் பணியாற்றியவர். குளிர்காலம் முழுக்க மலையிலேயே தங்கிப் பயிற்சி பெறவும், பாடங்களைத் தனியாகப் படிக்கவும் விரும்பிய ஒரு சிறுமியின் வேண்டுகோளிலிருந்துதான் பள்ளி முளைத்தது. 1970-இல் அது முறையான பள்ளியானது. ஸ்ட்ராட்டன் மவுண்டன் பள்ளி 1972-லும், கிரீன் மவுண்டன் வேலி பள்ளி 1973-லும் வெர்மாண்டிலேயே தொடங்கின. 1982-இல் மெய்ன் மாநிலத்தின் ஷுகர்லோஃப் மலையடியில் காராபாசெட் வேலி அகாடமி வந்தது.

இந்த முறை பலன் தந்தது என்பதில் சந்தேகமில்லை. பர்க்கில் படித்த டயான் ராஃப் 1985-இல் பதினேழு வயதிலேயே ஜயண்ட் ஸ்லாலத்தில் உலக சாம்பியன் ஆனார். 1994 லில்லஹாமர் ஒலிம்பிக்கில் சூப்பர் ஜி தங்கம் வென்றார். அதே பள்ளியில் படித்த மிக்கேலா ஷிஃப்ரின் 2014-இல் பதினெட்டு வயதில் ஸ்லாலம் தங்கத்தைப் பெற்றார். காலையில் மலை, பிற்பகலில் வகுப்பு, மாலையில் உடற்பயிற்சி, இரவில் மறுநாளைக்கான சறுக்குப் பலகைகளைச் சீர்செய்தல் என்று ஓடும் நாளோடு, பள்ளி விட்டபின் இரண்டு மணி நேரம் சறுக்கும் பிள்ளை போட்டியிட முடியாது. மலைச்சரிவில் செலவிடும் மணிக்கணக்கே வித்தியாசத்தைத் தீர்மானித்தது.

ஆனால் அந்த மணிக்கணக்குக்கு ஒரு விலை இருந்தது. இன்று இப்பள்ளிகளில் முழு ஆண்டு விடுதியில் தங்கிப் படிக்க ஆகும் கட்டணம் 60,000 டாலரையும் தாண்டுகிறது. பர்க் மலை இருக்கும் பகுதியை ‘வடகிழக்கு ராஜ்யம்’ என்று உள்ளூரில் அழைப்பார்கள். பெயரில் ராஜ்யம் இருந்தாலும் மாநிலத்திலேயே வறுமை மிகுந்த பகுதி அது. பால் பண்ணை, மரம் வெட்டுதல், மலைவிடுதிகளில் பருவகால வேலை என்று பிழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் தினமும் அந்த மலையைப் பார்த்தபடி வளர்கிறார்கள். அவர்களுக்கு வாய்க்காத பயிற்சிக்குத் தொலைதூர நகரங்களிலிருந்து பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள்.

ஃபிரான்கோனியாவிலிருந்து ஒரு விண்ணப்பம்

உதவித்தொகை என்ன செய்யக்கூடும் என்பதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு போடி மில்லர். 1977-இல் நியூ ஹாம்ப்ஷயரில் பிறந்து, ஃபிரான்கோனியாவை ஒட்டிய காட்டில் மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாத வீட்டில் வளர்ந்தார். ஆரம்ப வகுப்புகளை வீட்டிலேயே படித்தார். பெற்றோர் பிரிந்த பின்னர்தான் அரசுப் பள்ளிக்குப் போனார். பக்கத்திலிருந்த கேனன் மலை மாநில அரசுக்குச் சொந்தமானது. வட அமெரிக்காவின் முதல் கம்பிவட ஊர்தி 1938-இல் ஓடத் தொடங்கியதும், 1967-இல் உலகக் கோப்பைப் பந்தயங்கள் நடந்ததும் அங்கேதான். நாள் முழுக்க அந்த மலையில் சறுக்கியே தன் போக்கில் பழகிய சிறுவன், காராபாசெட் வேலி அகாடமிக்கு உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்துப் பெற்றான்.

1996-இல் ஷுகர்லோஃபில் நடந்த தேசிய இளையோர் போட்டியில், இடுப்பு ஒடுங்கி முன்னும் பின்னும் அகன்ற புதுவகைப் பலகைகளைப் பூட்டிக்கொண்டு மில்லர் இறங்கினார். பந்தயத்தில் அதுவரை எவரும் பெரிதாக மதிக்காத கே2 ஃபோர் என்ற பலகை அது. அதில் வென்றார். 2002-இல் இரண்டு ஒலிம்பிக் வெள்ளிகள். 2005-இல், 22 ஆண்டுகளுக்குப் பின் ஓர் அமெரிக்க ஆணுக்கு ஒட்டுமொத்த உலகக் கோப்பை. 2010-இல் ஒலிம்பிக் தங்கம். மொத்தம் ஆறு ஒலிம்பிக் பதக்கங்கள். பள்ளி அவருடைய பாணியை உருவாக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பயிற்றுநர்கள் பலரும் தவறு என்று சொன்ன அந்தப் பாணியை அவர் வீட்டிலிருந்தே கொண்டுவந்தார். நல்ல பந்தயத் தடங்களும், தன்னைவிட வேகமான தோழர்களும், தொடர்ந்து போட்டியிடும் வாய்ப்பும்தான் பள்ளியில் கிடைத்தவை. உதவித்தொகை வாங்கித் தந்தது இவற்றைத்தான். இவை சிறிய விஷயங்கள் அல்ல.

ஸ்ட்ராட்டன் பள்ளியில் படித்த ராஸ் பவர்ஸும் இதே தடத்தில் வந்தவர். பக்கத்து மலையின் உணவகத்தில் வேலை பார்த்து வளர்த்த தாயின் மகன். 2002-இல் ஸ்னோபோர்டு ஹாஃப்பைப்பில் ஒலிம்பிக் தங்கம் வென்ற அவர், பணமில்லாத இளம் வீரர்களுக்கு உதவ ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். உதவி பெற்றவர் உதவுபவராக மாறும் இந்த வழக்கம் இவ்வரலாற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. மில்லரின் குடும்பமும் 2005-இல் டர்ட்டில் ரிட்ஜ் என்ற அறக்கட்டளையை அமைத்தது.

கட்டணத்துக்கு அப்பால்

உதவித்தொகை பற்றிய பேச்சு பெரும்பாலும் பள்ளிக் கட்டணத்தோடு நின்றுவிடுகிறது. பந்தயக்காரரின் செலவோ அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஸ்லாலத்துக்குப் பலகை ஒரு நீளம், ஜயண்ட் ஸ்லாலத்துக்கு வேறு நீளம். முதுநிலை ஆண்களுக்கு முன்னது குறைந்தது 165 செ.மீ., பின்னது 193 செ.மீ. இவற்றைவிட வேகமான சூப்பர் ஜி, டவுன்ஹில் பந்தயங்களுக்கு இன்னும் நீளமானவை வேண்டும். பயிற்சிக்கு ஒரு ஜோடி, பந்தயத்துக்கு ஒரு ஜோடி என்று வைத்துக்கொண்டாலே மாணவரின் மூலையில் அரை டஜன் ஜோடிகள் சாய்ந்து நிற்கும். ஒவ்வோர் இரவும் அவற்றின் எஃகு விளிம்புகளை அரத்தால் ராவி, சாணைக்கல்லால் பிசிறு நீக்கி, அடிப்பரப்பில் சூடான இஸ்திரியால் மெழுகு உருக்கித் தேய்த்து, ஆறியதும் சுரண்டி எடுக்க வேண்டும். வெர்மாண்டின் சரிவுகள் பெரும்பாலும் உறைந்து இறுகிய பனிக்கட்டி. விளிம்பு மழுங்கியிருந்தால் முதல் திருப்பத்திலேயே கால் வழுக்கும்.

செலவைப் பெருக்கும் இன்னொரு காரணம் புள்ளி முறை. சர்வதேச பனிச்சறுக்கு சம்மேளனத்தின் பந்தயங்களில் பதினாறு வயதிலிருந்து கலந்துகொள்ளலாம். அங்கே வீரரின் தரத்தைக் காட்டுவது அவர் சேர்த்திருக்கும் புள்ளிகள். அவை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. வெற்றியாளரிடமிருந்து எத்தனை விநாடி பின்தங்கினார் என்பதோடு, பந்தயத்தில் கலந்தவர்களின் தரமும் அந்தக் கணக்கில் சேரும். பலமான வீரர்கள் இல்லாத உள்ளூர்ப் பந்தயத்தில் முதலிடம் பிடித்தாலும் புள்ளி பெரிதாக இறங்காது. புள்ளி இறங்காவிட்டால் புறப்பாட்டு வரிசையில் பின்னால் நிற்க வேண்டும். முன்னே போன அறுபது, எழுபது பேர் கம்பங்களைச் சுற்றிக் குழிபறித்துவிட்ட தடத்தில்தான் இறங்க வேண்டும். ஆகவே புள்ளியைக் குறைக்கக் கொலராடோவுக்கும் ஐரோப்பாவுக்கும் பயணம் போகிறார்கள். அமெரிக்காவின் கோடைக்காலத்தில் பனி இருக்கும் சிலிக்கும் நியூசிலாந்துக்கும் பயிற்சிக்குப் பறக்கிறார்கள். பயணத்துக்குப் பணமில்லாதவர் திறமையிருந்தும் அறுபதாவது எண்ணை அணிந்தபடியே நிற்கிறார். கட்டணத்தில் பாதியைத் தள்ளுபடி செய்து, மீதிப் பாதியையும் இந்தச் செலவுகளையும் குடும்பத்தின் தலையில் விடும் உதவித்தொகை, நடுத்தர வருவாய்க் குடும்பத்துக்குப் பயன்படலாம். பண்ணைக் குடும்பத்துக்குப் பயன்படாது. இதை அகாடமிகள் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதே என் நிலை.

ஊர் கொடுத்த பணம்

இவ்வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி வெர்மாண்டின் ஊர்க் கட்டண முறை. மேல்நிலைப் பள்ளி இல்லாத ஊர்கள், தம் பிள்ளைகள் வேறிடத்தில் படிப்பதற்கான கட்டணத்தைத் தாமே செலுத்தும் வழக்கம் அங்கே 1869 முதல் உண்டு. மெய்னிலும் 1873 முதல் இப்படியொரு ஏற்பாடு இருக்கிறது. குதிரைவண்டிக் காலத்தில் பக்கத்து ஊர்ப் பள்ளிக்காக உருவான இந்த விதி, நூறாண்டு கழித்துப் பனிச்சறுக்கு அகாடமிகளுக்கும் பொருந்தியது. வெர்மாண்ட் அரசு அங்கீகரித்த தனியார் பள்ளிகள் என்ற வகையில் அவையும் ஊர்ப்பணம் பெற்றன. உதவித்தொகை என்று யாரும் பெயர் சூட்டாவிட்டாலும் இதன் பயன் அதேதான்.

ஆனால் அதன் நியாயம் சீராக இல்லை. பள்ளி இல்லாத ஊரில் வசித்த பிள்ளைக்கு அந்தத் தொகை கிடைத்தது. சொந்த மேல்நிலைப் பள்ளி வைத்திருந்த அடுத்த ஊர்ப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. கிடைத்ததும் முழுக் கட்டணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மீதியைக் கட்டக்கூடியவர்களே ஊர்ப்பணத்தையும் எடுத்துக்கொண்டு போனார்கள் என்ற விமர்சனம் வெர்மாண்டில் நெடுங்காலமாக இருக்கிறது. அதைத் தள்ளிவிட முடியாது.

ஆஸ்திரியா வேறு வழியில் போனது. டிரோல் மாகாணத்தின் ஸ்டாம்ஸ் ஊரில், பழைய மடாலயத்தோடு சேர்ந்து 1967-இல் தொடங்கிய பனிச்சறுக்கு மேல்நிலைப் பள்ளி பொதுக் கல்வி முறையோடு இணைந்தது. பயிற்சிக்கு நேரம் கிடைப்பதற்காக நான்காண்டுப் பாடத்திட்டம் அங்கே ஐந்தாண்டுகளாக நீட்டப்பட்டது. அமெரிக்கக் குடும்பம் சுமக்கும் கட்டணத்தின் பெரும்பகுதியை அங்கே அரசே ஏற்றது. எனினும் ஆஸ்திரிய முறைக்கும் ஒரு குறை உண்டு. அதற்குச் சாட்சி ஹெர்மன் மயர். ஷ்லாட்மிங்கில் இருந்த பனிச்சறுக்குப் பள்ளியிலிருந்து பதினைந்து வயதில், உடல் வளர்ச்சி போதாதென்று வீடு திரும்பிய அவர், ஃபிளாகாவில் கொத்தனார் வேலையும் பனிச்சறுக்கு ஆசிரியர் வேலையும் செய்தார். 1996-இல் சொந்த ஊரில் நடந்த உலகக் கோப்பைப் பந்தயத்தில், போட்டிக்கு முன் தடத்தைச் சோதிக்க இறங்கும் ஓட்டக்காரராகச் சறுக்கியபோதுதான் பயிற்றுநர்களின் கண்ணில் பட்டார். இரண்டு ஆண்டுகளில் நகானோவில் இரண்டு ஒலிம்பிக் தங்கங்கள். பதின்மூன்று, பதினான்கு வயதில் யாருக்கு உதவித்தொகை என்று முடிவு கட்டும் எல்லா முறைகளுக்கும் மயரின் வாழ்க்கை ஓர் எச்சரிக்கை. தாமதமாக வளரும் பிள்ளை, பயிற்சி தாமதமாகத் தொடங்கிய கிராமத்துப் பிள்ளையாகவும் இருந்துவிட்டால், அந்தப் பிள்ளையை எந்தத் தேர்வுக் குழுவும் கண்டுகொள்வதில்லை.

பள்ளியைக் கிராமத்துக்குக் கொண்டுபோதல்

1999-இல் மெய்னின் வடகோடியான அருஸ்டுக் மாவட்டத்தில் இன்னொரு வழி சோதிக்கப்பட்டது. உருளைக்கிழங்கு விளையும், இளைஞர்கள் ஊரைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்த பகுதி அது. லிப்ரா அறக்கட்டளையின் பணத்தில் மெய்ன் குளிர்கால விளையாட்டு மையம் உருவானது. பிள்ளையை விடுதிக்கு அழைத்துச் செல்வதற்குப் பதிலாக, ஊர்ப் பள்ளிகளுக்கே பலகைகளும் பயிற்றுநர்களும் போனார்கள். ஃபோர்ட் கென்ட்டிலும் பிரெஸ்க் ஐலிலும் தடங்கள் அமைந்தன. 2004-இல் ஃபோர்ட் கென்ட்டில், பனிச்சறுக்கு ஓட்டமும் துப்பாக்கிச் சுடுதலும் சேர்ந்த பயத்லான் விளையாட்டின் உலகக் கோப்பையே நடந்தது. ஸ்டாக்ஹோம் என்ற குக்கிராமத்துப் பையன் ரஸல் கரியர் இந்தத் திட்டத்தில் வளர்ந்து 2014 சோச்சி ஒலிம்பிக்கில் பயத்லான் போட்டியில் கலந்துகொண்டார். அதே 2014-இல் லிப்ரா தன் நிதியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஒரே கொடையாளரை நம்பிய திட்டத்துக்கு இது பெரும் அடி. என் பார்வையில், கிராமத்துப் பிள்ளைகளுக்காக இந்தத் துறையில் நடந்த மிக நேர்மையான முயற்சி இதுதான். ஆனால் சமவெளித் தடத்தில் ஓடும் விளையாட்டுக்கு இது பொருந்துவதுபோல, உயர்ந்த மலையும் விசைத்தூக்கியும் கேட்கும் மலைச்சரிவுப் பந்தயத்துக்கு முழுதாகப் பொருந்தாது. அங்கே அகாடமியைத் தவிர்க்க முடியவில்லை. அதனால் உதவித்தொகையையும் தவிர்க்க முடியவில்லை.

2025-இல் வெர்மாண்ட் இயற்றிய கல்விச் சீர்திருத்தச் சட்டம், ஊர்ப்பணம் பெறத் தகுதியுள்ள தனியார் பள்ளிகளுக்கான நிபந்தனைகளை இறுக்கி, அவற்றின் பட்டியலைச் சுருக்கியது. பொதுப் பள்ளிகளின் நலன் கருதி எடுத்த அந்த முடிவில் நியாயம் உண்டு. ஆனால் ஊர்ப்பணம் நின்றுபோகும் இடங்களில், இதுவரை வரிப்பணம் தாங்கிய பங்கை இனி அகாடமிகளின் சொந்த உதவித்தொகை நிதியே தாங்க வேண்டும். அதைப் பகிரும்போது பலகை, பயணம், பந்தய நுழைவுக் கட்டணம் எல்லாவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பதினாறு வயதில் வந்து கதவைத் தட்டும் பிள்ளைக்கும் ஓர் இடம் வைத்திருக்க வேண்டும். பள்ளி வாசலிலிருந்து பத்து மைலுக்குள் இருக்கும் வீடுகளிலிருந்து வரும் விண்ணப்பங்களை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.