குறிவரைவை ஆங்கிலத்தில் விவரிப்பது எப்படி? விழுக்காடும் எண்ணிக்கையும் ஒன்றல்ல

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் நம் மாணவர்கள் பலர் ஐயெல்ட்ஸ் தேர்வை எழுதுகின்றனர். அதன் கல்விப் பிரிவில், எழுத்துத் தாளின் முதல் கேள்வி குறிவரைவு, அட்டவணை அல்லது வரைபடம் ஒன்றை விவரிக்கச் சொல்கிறது. குறைந்தது 150 சொற்கள் எழுத வேண்டும். 20 நிமிடம் போதும். 250 சொற்களில் எழுதும் இரண்டாம் கேள்விக்கு இரு மடங்கு மதிப்பு என்பதால், முதல் கேள்வியிலேயே நேரத்தைச் செலவழித்துவிடக் கூடாது.

உள்நாட்டு முவெட் தேர்விலும் முன்பு இத்தகைய கேள்வி இருந்தது. 2021 முதல் அதற்குப் பதிலாகக் கடிதம் அல்லது மின்னஞ்சல் எழுதும் கேள்வி வந்துள்ளது. அண்ணன், அக்காவின் பழைய பயிற்சி நூல்களை வைத்துப் படிப்போர் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

2010, 2020 மக்கள் தொகைக் கணக்கெடுப்புகளின்படி, மலேசியக் குடிமக்களின் இன விகிதத்தை இரண்டு வட்டக் குறிவரைவுகள் காட்டுவதாகக் கொள்வோம்.

பூமிபுத்ரா: 67.4 விழுக்காடு, 69.4 விழுக்காடு
சீனர்: 24.6 விழுக்காடு, 23.2 விழுக்காடு
இந்தியர்: 7.3 விழுக்காடு, 6.7 விழுக்காடு
ஏனையோர்: இரு ஆண்டிலும் 0.7 விழுக்காடு

எழுதும் முறை

முதலில், குறிவரைவு எதைக் காட்டுகிறது என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். கேள்வியில் உள்ள சொற்களை அப்படியே எடுத்து எழுதாமல் சொந்த நடையில் எழுதுவது நல்லது.

அடுத்து வருவது பொதுப் பார்வை. பலர் இதை விட்டுவிட்டு நேராக எண்களுக்குப் போய்விடுகின்றனர். புள்ளிகள் குறைவதற்கு இது முக்கியக் காரணம். பூமிபுத்ராவின் பங்கு உயர்ந்தது, சீனர், இந்தியர் பங்கு சற்றுக் குறைந்தது, வரிசை மாறவில்லை என்பதே இங்குப் பொதுப் பார்வை. இதில் எண்கள் தேவையில்லை.

அதன் பிறகே விவரம். எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிக்காமல், முக்கியமானவற்றைத் தேர்ந்தெடுத்து ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். கடந்த ஆண்டுகள் என்பதால் இறந்தகாலமே பொருந்தும்.

தவறும் இடங்கள்

'டு', 'பை' என்னும் இரு சிறு சொற்கள் பலரைக் குழப்புகின்றன. சீனர் பங்கு 23.2 ஆகக் குறைந்தது என்பதற்கு 'ஃபெல் டு' என்றும், 1.4 அளவு குறைந்தது என்பதற்கு 'ஃபெல் பை' என்றும் எழுத வேண்டும். அந்த 1.4ஐ விழுக்காடு என்று எழுதுவதும் பிழை. 'பெர்சன்டேஜ் பாயிண்ட்ஸ்', அதாவது விழுக்காட்டுப் புள்ளிகள் என்பதே சரி.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. இந்தியர் பங்கு 7.3இலிருந்து 6.7ஆகக் குறைந்ததைப் பார்த்து, 'இந்தியர் எண்ணிக்கை குறைந்தது' என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் எண்ணிக்கை சுமார் 19 லட்சத்திலிருந்து சுமார் 20 லட்சமாகக் கூடியது. நாட்டின் மொத்தக் குடிமக்கள் அதைவிட வேகமாகப் பெருகியதால்தான் நம் பங்கு குறைந்தது. ஆகவே விழுக்காட்டைக் காட்டும் படத்திற்கு 'ப்ரொபோர்ஷன்' என்ற சொல்லையும், எண்ணிக்கையைக் காட்டும் படத்திற்கு 'நம்பர்' என்ற சொல்லையும் பயன்படுத்த வேண்டும்.

காரணம் கூறவும் கூடாது. குடும்ப அளவு, புலம்பெயர்வு என்று நமக்குத் தோன்றுவதைப் படம் சொல்லவில்லை. படத்தில் இல்லாதது விடையிலும் இருக்கக் கூடாது.

பயிற்சிக்குத் தனி நூல் வாங்க வேண்டியதில்லை. நாளிதழில் வரும் ஒரு குறிவரைவை வெட்டி வைத்து, 20 நிமிடத்தில் எழுதிப் பார்க்கலாம். எழுதி முடித்ததும், ஒவ்வோர் எண்ணும் பங்கா, எண்ணிக்கையா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. சமூகத்தைப் பற்றிய புள்ளிவிவரங்களைத் தவறின்றிப் படிக்கவும் இப்பழக்கம் உதவும்.